முழங்காலுக்கு வந்த பொம்மை

தோசிங்கின் குரலுக்குக் கதவு கிடையாது. சான் கலிக்ஸ்தோ சுகாதார நிலையத்தில் அவள் ஒருத்தியிடம், "எத்தனை நாளா வெள்ளைப்படுது?" என்று கேட்டால், எதிர்ச்சாரியில் கொன்சிங்கின் பெட்டிக்கடைக்கு வினிகர் வாங்க வந்தவருக்கும் அது காதில் விழும். பதிலையும் கேட்டுவிட்டுத்தான் அவர் போவார். முப்பத்து மூன்று வருடமாக அவள்தான் அந்த ஊருக்கு மருத்துவச்சி. முழுப்பெயர் தியோடோசியா. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர் பாதிரியார் ஒருவர்தான்.

நல்ல மனுஷி, அதில் சந்தேகமே வேண்டாம். புயலில் பாலம் போன வருடம் இடுப்பளவு தண்ணீரில் நடந்துபோய் இரட்டைப் பிள்ளைகளை வெளியே எடுத்தவள். ஊரில் முப்பத்து மூன்று வயதுக்கு உட்பட்டவர்களில் பாதிப் பேரை இந்த உலகத்தில் முதலில் தொட்டது அவள் கைதான். ஆனால் அந்த வாய் இருக்கிறதே, அதை என்ன செய்ய.

அது கப்பல்காரர்களின் ஊர். புருஷன்மார் வருடத்தில் ஒன்பது மாதம் கடலில் இருப்பார்கள். அவர்களுக்குப் பதிலாக வீட்டுக்கு வருவது ஆளுயர அட்டைப்பெட்டி. துண்டு, சோப்பு, டின் கறி, சாக்லேட், மச்சானுக்கு ஷூ என்று அதில் எல்லாம் இருக்கும். சில பெட்டிகளில் அடியில், காலுறைக்குள் சுருட்டி, இன்னொன்றும் இருக்கும். ஏதோ ஒரு துறைமுகத்தில், நண்பர்கள் தள்ளிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு வாங்கியது. பெண்டாட்டி தனியாக இருப்பாளே என்ற கரிசனம். ஊர்ப் பெண்கள் அதற்குத் 'துறைமுகப் பொம்மை' என்று பெயர் வைத்திருந்தார்கள். வைப்ரேட்டர் என்று உடைத்துச் சொல்கிறவள் தோசிங் மட்டும்தான். அதையும் தெருவுக்கே கேட்கும்படி சொல்வாள்.

அவளுக்கு அந்த விஷயத்தில் அக்கறை வந்ததற்குக் காரணம் அவள் புருஷன் மொஹெங். சரக்குக் கப்பலில் சமையல்காரனாக இருந்தவன். கல்யாணமான ஏழாம் வருடம் அவனும் ஒன்று வாங்கி வந்தான். வேறு பெண்டாட்டியாக இருந்தால் வெட்கப்பட்டிருப்பாள், இல்லை கோபப்பட்டிருப்பாள். தோசிங் பூதக்கண்ணாடியை எடுத்துவந்து அட்டையின் அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தாள். 'வேடிக்கைக்காக மட்டும்' என்று போட்டிருந்தது.

"வேடிக்கைக்கா? உடம்புக்குள்ள போற சாமானுக்கு வேடிக்கைன்னு எழுதிட்டா, எரிச்சல் வந்தா எவன்கிட்டப் போய்க் கேக்கறது? வேடிக்கை பாத்தவன்கிட்டயா?"

மொஹெங் எதிர்பார்த்திருந்த மாலைப்பொழுது அத்தோடு போயிற்று. ஆனால் ஊருக்கு ஒரு பாடம் கிடைத்தது. வியாழக்கிழமைதோறும் மூன்று மணிக்கு, கர்ப்பிணிகளுக்கு எடை பார்த்து முடித்ததும், நிலையத்து வாசல் பெஞ்சில் பெண்களை உட்காரவைத்து, வறுத்த வாழைப்பழத்தைக் கையில் கொடுத்து, தோசிங் ஆரம்பிப்பாள்.

"கூழ் மாதிரி வழவழன்னு, மிட்டாய் வாசனை வர்ற சாமானா இருந்தா தொடாத. அதுல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை ஆயிரம் இருக்கு. எத ஊத்தினாலும் குடிச்சு வச்சுக்கும், அழுக்கையும் சேத்து. சிலிக்கான்னு எழுதியிருக்கான்னு பாரு. எண்ணெய் தடவாத. பிசுபிசுத்தாலோ வெடிச்சாலோ குப்பைல போடு, ஞாபகார்த்தமா வச்சுக்காத. அடி அகலமா இல்லாதத வாங்கவே வாங்காத, உள்ள போனது வெளிய வராம நகரத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினவங்க கதை எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரிக்கு இரவல் குடுக்காத. சட்டி பானை இல்ல அது."

பாடம் நல்ல பாடம். கெடுத்தது கதைகள். பாடம் மனதில் நிற்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை வைத்திருந்தாள். பெயர் சொல்ல மாட்டாள், அதில் அவளுக்கு ஒரு பெருமை. கிருமி சாகட்டும் என்று ஒருத்தி தன் பொம்மையைச் சோறு வேகவைக்கும் மின்பானையில் போட்டு வேகவைத்தாளாம். அது உருகிப் பானையோடு ஒட்டிக்கொண்டதாம். ஒரு வாரம் அந்த வீட்டுச் சோற்றில் ஸ்ட்ராபெரி வாசனையாம். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த வாசனை எந்த வீட்டிலிருந்து வந்தது என்று அந்தத் தெருவில் தெரியாதவர் யார்? அந்த வீட்டுக்காரி ரெய்னல்டா அதற்குப் பிறகு நிலையத்துப் படியை மிதிக்கவே இல்லை. ரத்த அழுத்தம் பார்க்கக்கூட ஜீப்னி வண்டி ஏறி நகரத்துக்குப் போனாள்.

"கோவிச்சுக்கிட்டா போல. நான் பேரே சொல்லலியே" என்றாள் தோசிங். மொஹெங் மீனைச் செதிலெடுத்துக்கொண்டே, "வாசனையச் சொல்லிட்டியே" என்றான்.

இன்னொரு விஷயமும் சொல்லிவிட வேண்டும். நிலையத்துக்குள் போகிறவர்கள் செருப்பைப் படியில் கழற்றிவிட வேண்டும். தரை சுத்தமாக இருக்க வேண்டும் என்பது தோசிங்கின் சட்டம். படி தெருவைப் பார்த்து இருந்தது. யார் செருப்பு எது என்று ஊருக்கே தெரியும். சங்கடமான சமாச்சாரத்துக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டு மடியில் வைத்துக்கொள்வார்கள். "என்ன, செருப்புக்கும் காய்ச்சலா?" என்று தோசிங் உரக்கக் கேட்பாள். பிறகு பையால் என்ன பயன்?

அந்தப் படிக்கு நேர் எதிரே, பதினைந்து அடியில், கொன்சிங்கின் கடை. அறுபத்தாறு வயது, கப்பல்காரரின் விதவை, கப்பல்காரனின் தாய். விடிந்தால் உட்காருவாள், விளக்கு வைத்தால்தான் எழுந்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் இரண்டு மணி நேரம் கடை அடைப்பு. மகன் ரோமெல் எண்ணெய்க் கப்பலில் மூன்றாம் எஞ்சினியர். மருமகள் மார்ஜெலின் இருபத்தேழு வயதுப் பெண், கடைக்குப் பின்னால் அதே வீட்டில் இருந்தாள். பேச்சு குறைவு. மாமியாரை 'நனாய்', அம்மா என்று கூப்பிடுவாள். மாமியாரும் மருமகளும் சண்டை போட்டதில்லை, மனம்விட்டுப் பேசியதுமில்லை.

ஜூன் மாதம் ரோமெல்லின் பெட்டி வந்தது. பெட்டியைத் தனியாகத் திறப்பது அந்த ஊரில் வழக்கமில்லை. அத்தை, சித்தி, பக்கத்து வீடு என்று பதினாலு பேர் சுற்றி உட்கார்ந்தார்கள். தோசிங்கும் முன்வரிசையில் இருந்தாள். பெட்டியோடு வந்த பட்டியலை ஒரு நாத்தனார் உரக்கப் படிக்க, இன்னொருத்தி எடுத்துக் கொடுத்தாள். துண்டு ஆறு. சோப்பு இரண்டு டஜன். டின் கறி. மசாஜர் ஒன்று.

காலுறையிலிருந்து வெளியே வந்த சாமான் ரோஜா நிறத்தில் இருந்தது. மார்ஜெலின் முகத்தில் ரத்தமே இல்லை. சுங்கக்காரனுக்காக மசாஜர் என்று எழுதிய அந்தப் புத்திசாலி, பெட்டியை யார் யார் சுற்றி உட்கார்ந்து திறப்பார்கள் என்பதை மறந்துபோனான்.

"அட, என் முழங்கால ஞாபகம் வச்சிருக்கானே பய" என்றாள் கொன்சிங். கையை நீட்டி வாங்கினாள். பொத்தானை அமுக்கினாள். பாவாடையை ஒதுக்கி, பதினாலு பேர் பார்க்க, அதை முழங்காலில் வைத்துக் கண்ணை மூடினாள். "சுகமா இருக்கு."

தோசிங் உதட்டைக் கடித்த கடியில் ரத்தம் வந்துவிட்டது. வீட்டுக்கு ஓடிப்போய்ச் சமையலறையில் சிரித்தாள். அன்று முதல் கொன்சிங் தினம் சாயங்காலம் கடையில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்து, மேலே ரோஜா நிறத்தை ஓட்டிக்கொண்டிருப்பாள். தைலம் இல்லாமல் அந்த ஊரில் எதுவும் கிடையாது. தலைவலிக்குத் தைலம், வயிற்று வாயுவுக்குத் தைலம், பேருந்தில் மயக்கம் வந்தால் தைலம். எதிர்ச்சாரியிலிருந்து பார்க்கப் பார்க்கத் தோசிங்குக்கு வயிறு குலுங்கும். 'ஐயோ பாவம், வெகுளி' என்று நினைத்துக்கொள்வாள். ஆனால் இந்த ஒரு கதையை அவள் வெளியே சொல்லவில்லை. மூன்று மாதம் வாயை அடக்கினாள். மனைவிக்கு ஏதாவது வியாதியோ என்று மொஹெங் கவலைப்பட்டான்.

செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை, மார்ஜெலின் மோட்டார் ட்ரைசைக்கிளில் ஏறாமல் சந்தையிலிருந்து நடந்து வருவதைத் தோசிங் பார்த்தாள். வெயில் கொளுத்துகிறது, இரண்டு கையிலும் பை, நடை ஒரு மாதிரி அகட்டி இருந்தது. முப்பத்து மூன்று வருடமாகப் பெண்கள் நடப்பதைப் பார்த்த கண். எங்கே வலி என்று அதற்குத் தெரியும். எதனால் என்றுதான் தெரியவில்லை.

"என்ன இண்டாய், கால்ல முள்ளா?" என்று சின்னப் பெண்களைக் கூப்பிடும் செல்லப் பெயரில் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல மனாங்" என்று அக்கா முறையில் சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். போகும்போது மெல்லத் தைல வாசனை வந்தது. அது மாமியாரின் வாசனை, அந்த வீட்டு வாசனை. தோசிங் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் செவ்வாய், டாக்டர் வரும் நாள். டாக்டர் ஃப்ளோரேத் வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், காலையிலிருந்து மூன்று மணி வரை இருப்பாள். பன்னிரண்டு மணி ஆகியும் மார்ஜெலின் வரவில்லை. தோசிங் சாப்பாட்டு நேரத்தில் கொன்சிங் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். அடிபம்புக்குப் பக்கத்தில் மார்ஜெலின் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள், நடுப்பகலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு. பல் அடித்துக்கொண்டிருந்தது. தோசிங் புறங்கையை அவள் கழுத்தில் வைத்துப் பார்த்தாள். கொதித்தது.

"எத்தனை நாளா?"

"நேத்துலேர்ந்து."

"ஒண்ணுக்குப் போறியா?"

மார்ஜெலின் தலையை ஆட்டினாள். "உயிர் போகுது மனாங். அடிவயிறும் வலிக்குது." பிறகு அழ ஆரம்பித்தாள், சத்தமில்லாமல், கையில் ஈரத் துண்டோடு.

கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாமியார் பூசைக்குப் போனபோது, மூன்று மாதத்தில் முதல் தடவையாக, கடை இழுப்பறையிலிருந்து அதை எடுத்திருக்கிறாள். சோப்புப் போட்டு நன்றாகத்தான் கழுவினாளாம். ஆனால் மூன்று மாதத் தைலத்தை அந்தக் கூழ்ச் சாமான் குடித்துக் குடித்து வைத்திருந்தது. சோப்பு மேலே மட்டும்தானே போகும். தீப்பிடித்த மாதிரி எரிந்ததாம். பதறிப்போய், கிருமி ஏதாவது இருக்குமோ என்று எரிந்த இடத்தில் ஸ்பிரிட்டையும் ஊற்றிக்கொண்டாள். பிறகு கொய்யா இலை வேகவைத்த தண்ணீர். கொப்புளம், அப்புறம் காய்ச்சல்.

மூன்று மாதமாகத் தினமும் எதிரே உட்கார்ந்து அந்தத் தைலம் அந்தச் சாமானில் ஊறுவதைப் பார்த்தவள் தோசிங். அதைப் பார்த்துச் சிரித்தாள். அது யாருக்காக வந்தது என்று தெரிந்தவள், ஒரு நாள் இந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பேச வேண்டிய ஒரே இடத்தில் பேசாமல் இருந்துவிட்டு, அதைப் பெரிய அடக்கம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தாள்.

"செருப்ப மாட்டு. இப்பவே வா. புண்ணுல சீழ் புடிச்சிருக்கும். அது கர்ப்பப்பை வரைக்கும் ஏறிச்சுன்னா அப்புறம் புள்ளை குட்டின்னு நினைக்கவே முடியாம போயிடும். வெள்ளிக்கிழம வரைக்கும் தாங்காது."

"வரமாட்டேன்."

"ஏண்டி?"

"நனாய் எதுக்கால உக்காந்திருக்காங்க. அவங்க சாமான நான் எடுத்தேன்னு தெரிஞ்சா? அது என்னன்னே அவங்களுக்குத் தெரியாது மனாங். முழங்காலுக்குன்னு நெனச்சிட்டிருக்காங்க. அந்த முகத்த நான் எப்படிப் பாப்பேன்?" துண்டைப் பிழிந்தாள், அது ஏற்கெனவே பிழிந்த துண்டு. "அதுவுமில்லாம உங்ககிட்ட வந்தா... ரெய்னல்டா வீட்டுச் சோத்துக் கதை எனக்கும் தெரியும். நானும்தான் சிரிச்சேன்."

தோசிங்குக்குச் சுருக்கென்றது. பதில் சொல்ல வாய் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. மென்று முழுங்கினாள். அவள் வாழ்க்கையில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை என்று மொஹெங் பிற்பாடு சத்தியம் செய்வான்.

"இங்கேயே இரு, வர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

நிலையத்தின் பின்கதவு வழியாகக் கூட்டிப்போகலாமா என்று பார்த்தாள். அங்கே நிவாரண அரிசி மூட்டை உத்தரம் வரை அடுக்கியிருந்தது. மணி ஒன்றே கால். ஒரே வழி கொன்சிங்கைக் கடையிலிருந்து கிளப்புவது. புயலுக்கே எழுந்திருக்காத ஆள். துறைக்கு நல்ல இறால் வந்திருக்கிறது என்று ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டு தோசிங் கடை முன்னால் போய் நின்றாள்.

"மனாங் கொன்சிங், துறைல..." என்று ஆரம்பித்தாள். குரல் சின்னதாக வந்தது.

கொன்சிங் வெங்காயத்தை அளந்து கட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். "என்ன தோசிங், தொண்டை கட்டிக்கிச்சா? உன் பேச்ச இவ்வளவு கிட்ட வந்து கேக்க வேண்டியிருக்கே."

"துறைல இறால்..."

"இறால் கெடக்கட்டும். என் மருமக மூணு நாளா உக்காரல. சோத்துத் தட்ட வச்சுக்கிட்டு நின்னுக்கிட்டே சாப்பிடறா. கேட்டா இடுப்புப் புடிப்புங்கறா. நீ இப்பப் பின்பக்கம் போயிட்டு வந்தத நான் பாத்தேன். என்னன்னு சொல்லு."

தோசிங் தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். எப்படிச் சொல்வது? முழங்கால் மசாஜர் என்று நம்பிக்கொண்டிருக்கும் கிழவியிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது?

"மனாங், உங்க மசாஜர் இருக்கே... அது வந்து... உண்மைல..."

"ஏ, இவளே" என்றாள் கொன்சிங். "எங்க வீட்டுக்காரர் இருபத்தொம்பது வருஷம் கப்பல்ல இருந்தார். அது என்னன்னு எனக்கு நீ பாடம் எடுக்கறியா?"

தோசிங் வாயைப் பிளந்தபடி நின்றாள். மூன்று மாதம் எதிரே உட்கார்ந்து யாரைப் பார்த்துச் சிரித்தோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

கொன்சிங் வெங்காயப் பையை முடிச்சுப் போட்டாள். "பதினாலு பேர் உக்காந்திருந்தாங்க. முன்னால நீ, அந்தக் கண்ண வச்சுக்கிட்டு. அந்தப் புள்ள முகத்தப் பாத்தேன். செத்துரும் போல இருந்துச்சு. வாயில வந்தது முழங்கால்தான். சொல்லிட்டேன். சொன்னதுக்கப்புறம் சும்மா உள்ள வச்சா ஊரு கேக்கும், எங்க மசாஜர்னு. தெனம் முழங்கால்ல ஓட்ட வேண்டியதாப் போச்சு." கொஞ்சம் நிறுத்தினாள். "முழங்காலுக்கு நல்லாத்தான் இருக்கு, பொய் சொல்லக்கூடாது."

"அப்ப மார்ஜெலினுக்கு..."

"எப்படித் திருப்பிக் குடுக்கறது? இந்தாம்மா உன் சாமான்னு நீட்ட முடியுமா? ஞாயித்துக்கிழம பூசைக்குப் போறப்போ இழுப்பறையப் பூட்டாமப் போவேன். அவ தொடவே இல்ல. முந்தாநாத்துதான், வந்து பாத்தா அது தல மாறி இருந்துச்சு. சந்தோஷமாத்தான் இருந்துச்சு எனக்கு." முகத்தில் கொஞ்சம் சிரிப்பு வந்தது. "நான் ஒண்ணும் அழுக்கா வச்சுட்டுப் போகல. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமயும் கிருமி போகட்டும்னு தைலம் போட்டு நல்லாத் தொடச்சு வச்சுட்டுத்தான் போவேன்."

தோசிங் கல்லாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சொல்லித்தான் ஆகவேண்டும். மணி ஆகிக்கொண்டிருந்தது. ஆனால் இவ்வளவு கஷ்டப்பட்டு ஒரு வார்த்தையை அவள் என்றைக்கும் வெளியே எடுத்ததில்லை.

"மனாங்," என்றாள் மெதுவாக, "அந்தத் தைலந்தான்."

கொன்சிங்குக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. பிறகு அவள் தன் கையைப் பார்த்தாள். அந்தக் கையில் எப்போதும் இருக்கும் வாசனை இப்போதும் இருந்தது. "நானா?" என்றாள். "நானா அந்தப் புள்ளைக்கு..." ஒரு வாடிக்கைக்காரி வந்து முட்டை கேட்டாள். கொன்சிங் அவளை ஏறெடுத்தும் பார்க்காமல் எழுந்து, கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக மாட்டினாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் அந்தக் கடை மூடியதைப் பார்த்து முட்டைக்காரி சிலுவை போட்டுக்கொண்டாள்.

கொன்சிங் பின்பக்கம் போனாள். மார்ஜெலினின் கையைப் பிடித்தாள். "எனக்கு முழங்கால் தாங்க முடியல. டாக்டரம்மாவப் பாக்கணும், தொணைக்கு வா" என்றாள். மாமியார் துணைக்குக் கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்ல அந்தப் பெண்ணுக்கு வராது. இருவரும் தெருவைக் கடந்தார்கள். நொண்ட வேண்டியவள் நிமிர்ந்து நடந்தாள், தாங்கிக்கொண்டு வந்தவள் நொண்டினாள். படியில் கொன்சிங் தன் நீலச் செருப்பை நன்றாகத் தெரியும்படி கழற்றிவிட்டாள். மார்ஜெலின் தன்னுடையதை எடுத்து மடிக்குக் கொண்டுபோகப் பார்த்தாள். கொன்சிங் அதை வாங்கித் தன் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.

பெஞ்சில் பதினொரு பேர் காத்திருந்தார்கள். பதினொரு கழுத்தும் திரும்பின. அப்போது தோசிங்குக்குக் குரல் திரும்ப வந்துவிட்டது.

"கொன்சிங்குக்கு முழங்கால்" என்று தெருக்கோடி வரை கேட்கும்படி சொன்னாள். "வீங்கிப்போச்சு. வயசானவங்க, முதல்ல விடுங்க."

உள்ளே டாக்டர் ஃப்ளோரேத் முழங்காலைப் பார்க்கக் குனிந்தாள். தோசிங் அவள் தோளைத் தொட்டு மார்ஜெலின் பக்கம் கண்ணைக் காட்டினாள். டாக்டருக்கு அது போதும். திரையை இழுத்தார்கள். டாக்டர் நேரம் எடுத்துப் பார்த்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டே, "இது எதனால ஆச்சு? தெரிஞ்சாத்தான் சரியா மருந்து குடுக்க முடியும்" என்று கேட்டாள்.

மார்ஜெலின் சுவரைப் பார்த்தாள். திரைக்கு அந்தப் பக்கம் மாமியார் இருந்தாள்.

"நான்தான் டாக்டர்" என்றது திரைக்கு அந்தப் பக்கக் குரல். "எம் மகன் அவளுக்கு அனுப்பின சாமான நான் தைலம் போட்டுத் தொடச்சு வச்சுட்டேன். சுத்தமா இருக்கட்டும்னு செஞ்சேன். எனக்குத் தெரியல."

மார்ஜெலின் மெல்லத் தலையைத் திருப்பினாள். திரை விலகியது. கொன்சிங் உள்ளே வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில், தைலம் படிந்த அந்தக் கையை நீட்டலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள். மார்ஜெலின்தான் அதைப் பிடித்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா நனாய்? அன்னைக்கேவா?"

"அன்னைக்கேதான்டி."

இரண்டு பேரும் அழுதார்கள். தோசிங்கும் அழுதாள், அவளை யாரும் கேட்கவில்லை என்றாலும். டாக்டர் மட்டும் மருந்துச்சீட்டு எழுதினாள். பத்து நாள் மாத்திரை, மேலே தடவக் களிம்பு, மூன்றாம் நாள் திரும்ப வந்து காட்ட வேண்டும். இன்னும் மூன்று நாள் தள்ளியிருந்தால் நகரத்து ஆஸ்பத்திரிதான், அப்போது எதற்கும் உத்தரவாதம் சொல்லியிருக்க முடியாது என்றாள். ரோஜா நிறம் அன்று மாலையே செய்தித்தாளில் சுற்றப்பட்டுக் குப்பைக்குப் போயிற்று. கொன்சிங்கின் முழங்காலுக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம்.

அந்த வார வியாழனுக்கு அடுத்த வியாழக்கிழமை. மார்ஜெலினின் காய்ச்சல் விட்டு ஐந்து நாள் ஆகியிருந்தது. பெஞ்சு நிறைந்திருந்தது. எதிரே கடையில் கொன்சிங் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மார்ஜெலின், உட்கார்ந்துதான். தோசிங் வாழைப்பழத் தட்டைச் சுற்றுக்கு விட்டுவிட்டு ஆரம்பித்தாள்.

"இன்னைக்குப் புதுப் பாடம். தைலம். துறைமுகப் பொம்மை பக்கத்துல தைலம் போகக்கூடாது, தைலம் பட்ட கை போகக்கூடாது, ஸ்பிரிட்டும் கூடாது. மிதமான சோப்பு, தண்ணி, காய வச்சு எடுத்து வை. மீறிப் பட்டுட்டா பச்சத் தண்ணிய ஊத்திக் கழுவு, நேரா இங்க வா. மூணு நாள் மறைச்சு வச்சா கர்ப்பப்பைக்கே ஆபத்து."

பெண்களின் கண்ணில் விளக்கு எரிந்தது. தைலமும் பொம்மையும் சேர்ந்த கதையை விட்டுவிடுவார்களா? "யாரு மனாங்? எந்தத் தெரு?" என்றாள் ஒருத்தி. "பேரு வேணாம், வாசனையச் சொல்லுங்க போதும்" என்றாள் இன்னொருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். இரண்டு மூன்று பேர் எதிர்ச்சாரியைப் பார்க்க ஆரம்பித்தார்கள். தைலம் என்றாலே கொன்சிங்தானே. கடை போன வாரம் மூடியதுதானே. கடைக்குள் மார்ஜெலினின் கை கல்லாவைப் பிடித்துக்கொண்டதைத் தோசிங் பார்த்தாள்.

"நான்தான்" என்றாள் தோசிங்.

சிரிப்பு நின்றது.

"என்ன முழிக்கறீங்க? நான்தான்னு சொன்னேன். மொஹெங் அந்தக் காலத்துல வாங்கிட்டு வந்தது. மருத்துவச்சின்னா மரக்கட்டையா? கைல தைலத்தோட மறந்துட்டேன். ஊருக்கெல்லாம் பாடம் எடுத்துட்டு நானே போய் விழுந்தேன். மூணு நாள் நின்னுக்கிட்டே சாப்பிட்டேன்."

அப்புறம் எழுந்த சிரிப்பில் நிலையத்துக் கூரையில் இருந்த புறா பறந்துவிட்டது. ஐம்பத்தெட்டு வயதில் தோசிங்குக்கு வந்த எரிச்சல் சாயங்காலத்துக்குள் துறைவரை போய்விட்டது. மீன் வாங்கப் போன மொஹெங்கை மீன்காரிகள் சும்மா விடவில்லை. அவனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டு, கொஞ்ச நேரம் யோசித்து, கொஞ்சம் பெருமையாகக்கூட நடந்தான். ரெய்னல்டா காதுக்கும் போயிருக்கும். ஆனால் அவள் இன்னும் நகரத்துக்குத்தான் ஜீப்னி ஏறுகிறாள். எல்லாவற்றையும் சரிசெய்துவிட முடியாது என்று தோசிங்குக்குத் தெரியும்.

அதெல்லாம் பிறகு. பெஞ்சில் அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மார்ஜெலின் தெருவைக் கடந்து வந்தாள். கையில், கடையில் கொன்சிங் பத்து வருடமாகப் போட்டு உட்காரும் பஞ்சுத் திண்டு. செருப்பைப் படியில் கழற்றிவிட்டு உள்ளே வந்து, எல்லாரும் பார்க்க, அதைத் தோசிங்கின் நாற்காலியில் போட்டு, தட்டிச் சரிசெய்தாள். அவள் கண் கலங்கியிருந்தது, உதடு சிரித்தது.

"மனாங், பாத்து. மெதுவா உக்காருங்க."

தோசிங் நாற்காலியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். முகத்தைச் சுளித்தாள். "அம்மாடி" என்று முனகிக்கொண்டே, ஊரே நம்பும்படி, மெல்ல மெல்ல உட்கார்ந்தாள்.